குலசேகரத்துக்கு ஒரு தவணை, குளச்சலுக்கு ஒரு தவணை: சமூக நிதி ஆராய்ச்சி பற்றி ஓர் எளிய அறிமுகம்

சமூக நிதி என்றதும் பலருக்கும் இரண்டில் ஒன்றுதான் நினைவுக்கு வரும்: மகளிர் குழு லோன், இல்லையென்றால் ஏதாவது அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகை. முதலாவது பாதி சரி. இரண்டாவது சரியில்லை. உதவித்தொகை திரும்பி வராது. சமூக நிதியில் போட்ட பணம் பொதுவாகத் திரும்பி வந்தாக வேண்டும், பெரும்பாலும் வட்டியோடு. ஆனால் போடுகிறவர் வட்டியோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்தப் பணத்தால் யாருடைய வாழ்க்கையாவது கொஞ்சம் மேலே வர வேண்டும், வந்ததைக் கணக்கில் காட்டவும் வேண்டும் என்கிறார். இந்த இரட்டை எதிர்பார்ப்புதான் சமூக நிதி.

ஒரு முழு வங்கியே இப்படி நடந்தால் அது சமூக வங்கி. கடன் கேட்டுப் போனால் எந்த வங்கியும் இரண்டு கேள்வி கேட்கும்: பணம் திரும்பி வருமா, எவ்வளவு லாபம் கிடைக்கும்? சமூக வங்கி அதற்கு முன்னால் இன்னொன்று கேட்கும்: எதற்காக இந்தப் பணம்? ஜெர்மனியில் 1974இல் தொடங்கிய ஜிஎல்எஸ் வங்கியும், நெதர்லாந்தில் 1980இல் தொடங்கிய டிரையோடாஸ் வங்கியும் இதற்குப் பெயர் பெற்றவை. யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று இவை வெளியே சொல்லும். டெபாசிட் போட்டவர், தன் பணம் காற்றாலைக்குப் போனதா, முதியோர் இல்லத்துக்குப் போனதா என்று பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் டெபாசிட் ரசீதை வாங்கி பீரோவில் வைத்த பிறகு அந்தப் பணம் எங்கே போகிறது என்று நாம் யாரும் கேட்பதில்லையே.

இந்தியா வேறு வழியில் போனது. தனியாக ஒரு சமூக வங்கியை வைக்காமல், எல்லா வங்கியையும் கொஞ்சம் சமூக வங்கியாக நடக்கச் சொன்னது அரசு. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. இன்றைக்கும் வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில், கல்வி, வீடு போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 1977 முதல் 1990 வரை இன்னொரு விதியும் இருந்தது: ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளை திறக்க வேண்டும். ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் இதன் விளைவைக் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டார்கள். கிளைகள் பெருகிய இடங்களில் கிராமப்புற வறுமை குறைந்திருந்தது. கூடவே, வாராக்கடனும் அதிகமாக இருந்தது. சமூக நிதி ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வரும் இழுபறி இதுதான்: பலன் உண்டு, செலவும் உண்டு, அந்தச் செலவை யார் தாங்குவது?

முதலில் உற்சாகம், பிறகு கணக்கு

ஏழைகளுக்கு ஈடில்லாமல் கொடுக்கும் சிறு கடனைக் குறுங்கடன் என்று உலகம் பேசத் தொடங்கியது பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸுக்குப் பிறகு. வங்கதேசத்தில் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற கிராமத்தில் 1976இல் தொடங்கியது, 1983இல் கிராமின் வங்கி ஆனது, 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு வரைக்கும் போனது. ஈடு இல்லை, ஜாமீன் இல்லை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. இந்தியாவிலும் நபார்டு வங்கி 1992இல் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது.

அன்றைய ஆராய்ச்சி முழுக்க இந்தக் குழுவைச் சுற்றியே நடந்தது. ஏழைக்கு ஈடு இல்லாமல் கடன் கொடுத்தும் திரும்பி வருகிறதே, எப்படி? பக்கத்து வீட்டுக்காரி கண்காணிக்கிறாள், அதனால் வருகிறது என்று ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் போன்றவர்கள் 1990 வாக்கில் கோட்பாடு எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு டீன் கார்லனும் சேவியர் ஜினேவும் பிலிப்பைன்ஸில் ஒரு வங்கியோடு சேர்ந்து, சில குழுக்களில் கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டு, அவரவர் கடனுக்கு அவரவரே பொறுப்பு என்று மாற்றிப் பார்த்தார்கள். பணம் திரும்பி வருவது குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் போய் உட்கார்ந்து “உன்னால என் லோன் கெடுது” என்று சண்டை போடவைக்கும் அந்த ஏற்பாடு தேவையே இல்லையோ என்ற சந்தேகம் அங்கே கிளம்பியது.

பெரிய கேள்வி அப்போதும் பாக்கி இருந்தது. கடன் வாங்கியவர்கள் முன்னேறினார்களா? கடன் வாங்கியவரையும் வாங்காதவரையும் சும்மா ஒப்பிட்டால் பதில் கிடைக்காது. துணிச்சலும் தொழிலும் உள்ளவர்தான் முதலில் போய்க் கடன் வாங்குவார். அவர் கடன் இல்லாமலும் முன்னேறியிருப்பார். இதைத் தாண்ட, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டவர்கள் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் போட்டு, அவற்றில் 52 இடங்களில் மட்டும் ஒரு குறுங்கடன் நிறுவனம் கிளை திறக்கும்படி செய்தார்கள். மருந்து ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்ப்பதைப் போன்றது இது. இந்த ஆய்வோடு போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் சேர்ந்து 2015இல் ஒரே இதழில் வெளிவந்தன. ஆறு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்: கொஞ்சம் நன்மை உண்டு, பெரிய கேடு இல்லை, ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை. ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களுக்குப் பலன் கூடுதல் என்பது ஹைதராபாத்தில் பின்னால் தெரிந்தது.

அதற்குள், 2010இல், ஒன்றுபட்ட ஆந்திரத்தில் குறுங்கடன் தொழில் நிலைகுலைந்திருந்தது. ஒரே வீட்டில் நான்கைந்து நிறுவனங்களின் கடன், வசூல் நெருக்கடி, தற்கொலைச் செய்திகள், அக்டோபரில் மாநில அரசின் அவசரச் சட்டம், வசூல் நின்றது. பணம் மாட்டிக்கொண்ட நிறுவனங்கள் ஆந்திரத்துக்கு வெளியேயும் கடன் கொடுப்பதைக் குறைத்தன. எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் அந்த வெளி மாவட்டங்களைப் பார்த்தபோது, அங்கே தினக்கூலியே குறைந்திருந்தது தெரியவந்தது. குழுவில் சேராதவர், கடனே வாங்காதவர் கூலியும் இறங்கியது. ஊரில் கடன் ஓடும்போது நாலு கடை ஓடுகிறது, நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. அது நிற்கும்போதுதான் கண்ணில் படுகிறது. ஹைதராபாத் ஆய்வு வீட்டுக்குள் பார்த்தது, இது தெருவைப் பார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம். “குறுங்கடனால் ஒன்றும் ஆகாது” என்று 2015 ஆய்வுகளை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

தவணை என்ற சின்ன விஷயம்

இங்கிருந்துதான் ஆராய்ச்சி எனக்குப் பிடித்த திசைக்குத் திரும்புகிறது. கடன் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எப்படிப்பட்ட கடன், எப்போது கட்ட வேண்டும், யார் வசூலிக்கிறார், நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று கேட்கத் தொடங்கினார்கள். இதைப் புரிந்துகொள்ள நம் குமரி மாவட்டத்தை விட வசதியான இடம் கிடைக்காது.

பாருங்கள். குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மழை பெய்தால் வேலை இல்லை. நமக்கோ இரண்டு பருவமழை. தை, மாசியில் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது பல தோட்டங்களில் வெட்டை நிறுத்துவார்கள். அதே தளிரில் சுரக்கும் தேனை எடுக்கத்தான் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்கள் பறக்கும். வெட்டுக்காரருக்குக் கை வறண்ட அந்த மாதங்கள்தான் தேன் பெட்டி வைத்திருப்பவருக்கு அறுவடை. தோவாளைப் பூக்காரருக்கு ஓணம் வந்தால் விலை ஏறும்; முகூர்த்தம் இல்லாத ஆடியில் இறங்கும். நாஞ்சில் நாட்டு வயல்காரருக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்தில் இரண்டு முறைதான் பணம். விசைப்படகில் போகிறவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதிலும் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில் வருவதால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வாரக் கூலி வாங்கும் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) தொழிலாளிக்கு வேண்டுமானால் வாரத் தவணை பொருந்தும், அதுவும் கொட்டை இறக்குமதி நிற்காமல் இருந்தால்.

இத்தனை பேருக்கும் மைக்ரோ பைனான்ஸ் கொண்டுவருவது ஒரே தவணை அட்டை. வழக்கமான அட்டை என்றால், கடன் கைக்கு வந்த இரண்டாவது வாரத்திலிருந்து வாராவாரம் சமமான தொகை.

எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே குழுவினர் கொல்கத்தாவில் இதைத்தான் சோதித்தார்கள். சிலருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் முதல் தவணை. சிலருக்கு இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபமும் கூடுதலாக இருந்தது. காரணம் எளிது. அடுத்த வாரமே தவணை என்றால் அடுத்த வாரமே காசு வரும் வேலையில்தான் பணத்தைப் போட முடியும்: சேலை வாங்கி விற்பது, காய்கறி வாங்கி விற்பது. ஆடி மாதம் தேன் பெட்டி வாங்குகிறவருக்குத் தேன் தை, மாசியில்தான். கிடாரி வாங்கினால் பால் கறக்க இன்னும் நாளாகும். தவணை அட்டையே எந்தத் தொழில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் அதே ஆய்வு சொல்கிறது: அவகாசம் கிடைத்தவர்களில் கட்டாமல் போனவர்களும் அதிகம். நிறுவனம் ஏன் வாரத் தவணையை விடாமல் பிடித்திருக்கிறது என்பதற்கு இதுவே விடை. அவர்கள் பயம் வீண் பயம் இல்லை. ஆனால் இந்தக் குழுவினரின் வேறு ஆய்வுகள் இடைவழி ஒன்றைக் காட்டுகின்றன. மாதம் ஒருமுறை கட்டியவர்களும் வாரம் ஒருமுறை கட்டியவர்கள் அளவுக்கே ஒழுங்காகக் கட்டினார்கள். தவணை பற்றிய கவலையும் பதற்றமும் இருப்பதாகச் சொன்னவர்கள், வாரத் தவணைக்காரர்களோடு ஒப்பிட்டால், மாதத் தவணைக்காரர்களில் ஏறக்குறைய பாதி அளவுதான். அதே சமயம், வாராவாரம் சந்தித்த பெண்களிடையே பழக்கம் கூடி, பின்னால் வாங்கிய கடனில் கட்டாமல் போவது குறைந்தது. ஆக, வாரக் கூட்டத்தில் சரக்கு இருக்கிறது, வாரத் தவணையில் அவ்வளவு இல்லை. வாரம் கூடுங்கள், மாதம் கட்டுங்கள் என்று சொல்லலாம்தானே?

சொல்லப்போனால் இந்தக் கடற்கரையில் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று பல வருடமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் வள்ளம், வலை வாங்கக் கடன் கொடுத்தவர் வியாபாரி. வட்டியை விடப் பெரிய விலை ஒன்றை அவர் வைத்திருந்தார்: பிடித்து வரும் மீனை அவரிடம்தான் கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. இதை உடைக்கத்தான் மீனவர் சங்கங்கள் வந்தன. திருவனந்தபுரத்தின் மரியநாட்டில் பிறந்த மாதிரி குமரிக் கரைக்கும் பரவியது. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கரையில் மீனைச் சங்கமே ஏலம் விடும். வந்த பணத்தில் இத்தனை சதவீதம் கடனுக்கு, இவ்வளவு சேமிப்புக்கு, கொஞ்சம் சங்கச் செலவுக்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும்.

இதில் என்ன விசேஷம் என்றால், தவணை என்பது ஒரு தொகை இல்லை, ஒரு விகிதம். மீன்பாடு நன்றாக இருந்த நாளில் கூடுதலாகக் கழியும். வெறும் வலையோடு வந்தால் அன்றைக்குக் கழிவு இல்லை, அபராதமும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. வருமானத்தோடு ஏறி இறங்கும் கடன் என்று இன்றைக்கு உலகெங்கும் ஆய்வாளர்கள் புதிதாகச் சோதிப்பதன் உட்கரு இது. குறையும் உண்டு. எல்லாரும் சங்கம் வழியாக விற்றால்தான் இது நடக்கும். வேறு கரையில் இறக்கி விற்றுவிட்டு வந்தால் கணக்கு தப்பும். தூத்தூர் வட்டாரத்தார்போல் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, கேரளம் தொடங்கி குஜராத் வரை எங்கெங்கோ மீன் இறக்குகிறவர்களுக்கு, ஊர்க் கரையில் நடக்கும் ஏலத்தால் என்ன பயன்?

பெயர் அவளுடையது, பணம் யாருடையது

இலங்கையில் சிறு தொழில் செய்பவர்களுக்கு, திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் தொழிலில் லாபம் நன்றாகக் கூடியது. பெண்கள் தொழிலில் கூடவே இல்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று அவசரமாக முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள். பிறகு இலங்கை, இந்தியா, கானா தரவுகளை மறுபடி பிரித்துப் பார்த்தபோது, வீட்டில் அந்தப் பெண் ஒருத்தி மட்டுமே தொழில் செய்யும் இடங்களில் லாபம் ஆண்களுக்கு இணையாக இருந்தது. மற்ற வீடுகளில் பணம் கணவர் தொழிலுக்குப் போயிருந்தது. கட்டுமரத்துக்கு எஞ்சின் வாங்கவும் வலை வாங்கவும் மனைவி பெயரில் குழு லோன் எடுக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

எண்ணிக்கை காட்டாத ஒன்றை மானுடவியலாளர்கள் காட்டினார்கள். இசபெல் கெரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் ஆகியோரோடு சேர்ந்து வட தமிழகக் கிராமங்களில் பல வருடம் இருந்து பார்த்தார். ஒரு கடனை இன்னொரு கடனால் அடைப்பது, குழு லோனை வட்டிக்காரருக்கும், சொந்தக்காரரிடம் வாங்கியதை குழுவுக்கும் புரட்டுவது, இதெல்லாமே பெண்ணின் தலையில் விழுந்த ஒரு முழுநேர வேலை என்கிறார்கள் அவர்கள். இந்த வேலைக்குக் கூலி இல்லை. வங்கியின் கணக்கில் ‘வசூல் 99 சதவீதம்’ என்று பளபளப்பதற்குப் பின்னால் அது இருக்கிறது. சமூக நிதி பற்றிய எந்த அறிக்கையிலும் வசூல் விகிதத்தை மட்டும் காட்டிப் பெருமைப்பட்டால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

புதிதாகப் பேசப்படுபவை

சமீப வருடங்களில் ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. எந்தச் சொல் எத்தனை கட்டுரையில் வருகிறது என்று எண்ணிப் போக்கு சொல்லும் ஆராய்ச்சி பற்றிய ஆராய்ச்சிகூட ஒரு தனித் துறை ஆகிவிட்டது. குறுங்கடன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இப்போது தாக்கத்தை அளவிடுதல், பருவநிலை, செல்போன் வழிக் கடன் என்பவை வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இவற்றில் இரண்டை மட்டும் தெரிந்துவைத்தால் போதும். ஒன்று, பலன் வந்தால் பணம் என்ற ஒப்பந்தம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் 2010இல் தொடங்கியது. முதலீட்டாளர் செலவழிப்பார்; வெளியே வந்த கைதிகள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தால் மட்டும் அவருக்குப் பணம் திரும்பும். ராஜஸ்தானில் பெண் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க 2015 முதல் 2018 வரை இதே முறை நடந்து, வைத்த இலக்கைத் தாண்டியது. கேட்க அருமை, ஆனால் பலனை அளந்து சான்று கொடுக்கவே நிறையச் செலவாகிறது என்பது ஆய்வாளர்களின் புகார். இரண்டு, சமூகப் பங்குச் சந்தை. 2019 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, 2022இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விதிகள் வகுத்து, தொண்டு நிறுவனங்கள் அதில் பட்டியலிடத் தொடங்கின. அங்கே அவை வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. அதற்கு நன்கொடை என்றே பெயர் வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கணக்கு வெளிப்படையாக இருக்கும் என்பது மட்டும் லாபம்.

கையெழுத்துப் போடும் முன்

ஆராய்ச்சியின் ஒரு பகுதி விதியாக மாறி நம் கைக்கே வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த குறுங்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பது குறுங்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. அதனால் வட்டியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய் கடன், “வட்டி 12 சதவீதம்தான்” என்கிறார் ஒருவர். 12 சதவீதம் என்றால் 4,800. மொத்தம் 44,800, 50 வாரம், வாரம் 896 ரூபாய். சரி. ஆனால் 40,000 ரூபாய் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருந்ததா? முதல் தவணையிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருந்தது 20,000 சொச்சம். அந்தச் சொச்சத்துக்கு 4,800 என்றால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 24 சதவீதம். கந்துவட்டியை விடக் குறைவுதான், ஆனாலும் சொன்னதற்கு இரண்டு மடங்கு. இதனால்தான் எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியை எழுதிய தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். தமிழில் கேளுங்கள், தருவார்கள்.

வசூலுக்கும் விதி உண்டு. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கு ஆள் வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க, தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் தனிச் சட்டமே நிறைவேற்றியது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படிப் போவது என்று விசாரிக்கக் கட்டணமில்லாத தொலைபேசி எண் 14448.